போதும் என்று சொல்ல வேண்டியவர்

உங்கள் கூட்டத்துக்காக என்னிடம் கட்டுரை கேட்ட டாக்டர் தொலைபேசியில் மிகவும் பணிவாகப் பேசினார். அவசர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி பெறும் மருத்துவர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு கேட்டுத் தீர்மானம் கொண்டுவரப் போகிறோம், பழைய ஆள் ஒருவரும் எழுதினால் நன்றாக இருக்கும் என்றார். நான் எதிர்த்து எழுதுவேன் என்று அவர் நம்பியிருந்தது குரலிலேயே தெரிந்தது. "உங்க காலத்துல முப்பத்தாறு மணி நேரம் நின்னீங்கல்ல சார், அந்த அனுபவத்த..." என்று இழுத்தார். எதிர்க்கட்சிக்கும் ஒரு நாற்காலி போடுவது நாகரிகம்தான். ஆனால் தவறான ஆளுக்குப் போட்டுவிட்டார்கள்.

நான் முப்பத்தாறு மணி நேரம் நின்றவன் மட்டுமல்ல, பிறரை நிற்க வைத்தவன். எழுபதுகளில், தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் ஆர்.எம்.ஓ.வாக இருந்தேன். அதன் பெயர் வேண்டாம். ஆர்.எம்.ஓ. என்பவர் நோயாளியைத் தவிர ஆஸ்பத்திரியில் உள்ள அனைத்தையும் கவனிக்கும் டாக்டர். தண்ணீர்த் தொட்டி, பிணவறைச் சாவி, சமையல்கட்டுச் சண்டை, எல்லாவற்றுக்கும் மேலாக, யார் எப்போது வேலைக்கு வர வேண்டும் என்கிற ட்யூட்டி சார்ட்.

உங்கள் துறைக்கு அப்போது பெயர்கூடக் கிடையாது. கேஷுவாலிட்டி என்று ஓர் அறை. இரண்டு மேஜை, ஒரு பச்சைத் திரை, ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஒரு ஹவுஸ் சர்ஜன். கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு பயிற்சிக்கு வந்தவர்கள்தான் ஹவுஸ் சர்ஜன்கள். காலை எட்டு மணிக்கு ஏறினால் மறுநாள் இரவு எட்டு மணிக்குத்தான் இறங்குவார்கள். எந்த விதியின்படி என்று கேட்காதீர்கள். எந்த விதியிலும் அப்படி இல்லை. எனக்கு அப்படி நடந்தது, அதனால் அவர்களுக்கும் அப்படியே நடந்தது. நம் தொழிலின் நடைமுறைகளில் பாதி இந்த வழியாக வந்தவைதான். மீதிப் பாதிக்கு அச்சடித்த படிவம் உண்டு.

சார்ட் போடுவதில் எனக்குக் கெட்டிக்காரன் என்ற பெயர் இருந்தது. மாதக் கடைசியில் சிவப்புப் பென்சிலும் நீலப் பென்சிலும் ஸ்கேலும் வைத்துக்கொண்டு உட்காருவேன். யார் லீவு போட்டாலும், யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் என் சார்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருக்காது. அது எப்படி முடிந்தது என்பதில் ரகசியம் ஏதுமில்லை. மறுக்காத ஆட்கள் இரண்டு மூன்று பேர் எல்லா பேட்ச்சிலும் இருப்பார்கள். காலிக் கட்டத்தில் அவர்கள் பெயரை எழுதிவிடுவேன்.

அந்த வருஷம் மறுக்காத ஆள், எஸ்தர். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். சாத்தான்குளத்துப் பெண். அப்பா, அம்மா இருவரும் ஆசிரியர்கள். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். எதைச் சொன்னாலும் "சரி சார்" என்பாள். அவளோடு மாறி மாறி ட்யூட்டி பார்த்த பையனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அவன் கட்டங்களையும் அவளுக்கே எழுதினேன். ஒரு முப்பத்தாறு முடிந்து, ஓர் இரவு தூங்கி, அடுத்த முப்பத்தாறு. இப்படி மூன்று வாரம் ஓடியது. சார்ட் பார்க்க அழகாக இருந்தது.

நடந்தது பகலில். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தூக்கக் கலக்கம் என்றால் உங்கள் மனதில் நடுச்சாமமும் மங்கலான விளக்கும்தான் வரும். நடுச்சாமத்தில் டாக்டர் பயந்துகொண்டிருப்பார். பயம் ஒரு நல்ல நர்ஸ் மாதிரி, கூடவே நின்று தட்டி எழுப்பிக்கொண்டிருக்கும். விடிந்து, காப்பி குடித்து, முகம் கழுவியதும் 'தாண்டிவிட்டோம்' என்று ஒரு தைரியம் வருகிறதே, அப்போதுதான் கவனமாக இருக்க வேண்டும். அன்று காலை பதினொரு மணி. ஜன்னல் வழியாக நல்ல வெயில். எஸ்தருக்கு அது இருபத்தேழாவது மணி நேரம்.

சங்கு குளிக்கும் காலம் அது. விடியற்காலையில் போகிற வள்ளங்கள் மதியம் தாண்டித்தான் திரும்பும். அன்று ஒரு வள்ளம் பாதியிலேயே திரும்பிவிட்டது. கடலில் முங்கிச் சங்கு எடுக்கும் மிக்கேல் என்ற ஆளின் கணுக்காலில் திருக்கை முள் அடித்திருந்தது. முள் முறிந்து உள்ளே நின்றது. வலி எப்படிப்பட்டது என்றால், முப்பது வயது ஆள், கடலுக்கடியில் மூச்சடக்கிப் பழகியவன், மேஜையின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு கிடந்தான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவன் சூசை. மிக்கேலின் மனைவிக்குக் கூடப்பிறந்தவன்.

நான் அப்போது அங்கே இல்லை. அலுவலகத்தில் அமர்ந்து தண்ணீர்த் தொட்டி பற்றிய ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. பிறகு கூச்சல். ஸ்டாஃப் நர்ஸ் ஓடி வந்து, "சார், பேஷண்ட் கூட வந்த ஆளு லேடி டாக்டர் கையப் பிடிச்சு முறுக்கிட்டான்" என்றாள்.

நான் போனபோது இரண்டு வார்டு பணியாளர்கள் சூசையைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள். தரையில் சிரிஞ்சு உடைந்து சில்லாகக் கிடந்தது. அப்போதெல்லாம் கண்ணாடி சிரிஞ்சுதான். எஸ்தர் ஸ்டூலில் உட்கார்ந்து மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். அழுதாளா என்று தெரியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, முகத்தில் அழுகை இல்லை.

சூசை கத்தவில்லை. "விடுங்கப்பா. நான் எங்கயும் ஓடல. அந்தம்மாவப் போய்ப் படுக்கச் சொல்லுங்க, வேற ஆளு வந்து எம்மச்சானப் பாக்கட்டும்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கேட்டீங்களா சார், டாக்டரயே படுக்கச் சொல்லுதான். நாளைக்கு உங்களயும் என்னயும் சொல்லுவான்" என்றார் ஒரு வார்டு பணியாளர்.

பத்து நிமிஷத்தில் மற்ற ஹவுஸ் சர்ஜன்கள் கூடிவிட்டார்கள். பொம்பளை டாக்டர் கையைப் பிடித்தவனைச் சும்மா விடக்கூடாது, போலீசுக்குப் போகாவிட்டால் மதியத்திலிருந்து வேலை நிறுத்தம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் பிழை இல்லை. இப்படிப்பட்ட சமயத்துக்கு நடைமுறை உண்டு, எனக்கு அது தலைகீழாகத் தெரியும். சூசையை ஆஸ்பத்திரி வாசலில் இருந்த போலீஸ் அவுட்போஸ்ட்டில் ஏட்டையாவிடம் உட்கார வைத்தேன். விஷ வலி அடங்க மிக்கேலின் காலைச் சுடுதண்ணீரில் வைக்கச் சொன்னேன். அறைக்குத் திரும்பி, "மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களின் மேலான கவனத்துக்கு" என்று தொடங்கினேன். உடைந்த சிரிஞ்சுக்குத் தனிப் படிவம் உண்டு, அதையும் எடுத்து வைத்தேன். உடைந்த டாக்டருக்குப் படிவம் இல்லை.

புகாரோடு நோயாளியின் கேஸ் ஷீட்டையும் இணைக்க வேண்டும். ஆள் அனுப்பிக் கேட்டேன். "டாக்டர் எழுதின ஊசி இன்னும் போடல, வேற சிரிஞ்சுல எடுத்தாச்சு, போட்டுட்டு அனுப்புதேன்னு சிஸ்டர் சொல்றாங்க" என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. ரெக்கார்டு என்றால் அந்த நிமிஷத்தில் இருந்தபடி இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு வரிகூட ஏறக்கூடாது. நானே எழுந்து போய், நர்ஸின் கையிலிருந்த அட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். "ஊசி அப்புறம். முதல்ல ஷீட்" என்றேன்.

இதை என் சமயோசிதம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். கெட்ட பழக்கம். அன்று அது ஓர் உயிருக்கு உதவியது, அவ்வளவுதான்.

நடைபாதையில் நின்றபடியே படித்தேன். எஸ்தரின் அழகான கையெழுத்து. பெயர், ஊர் திரேஸ்புரம், முள் அடித்த நேரம். அதற்குக் கீழே: போன வருஷம் காதில் சீழ் வைத்தபோது பெனிசிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்து மூச்சு அடைத்தது, பெனிசிலின் கூடாது. 'கூடாது' என்பதன் கீழே இரண்டு கோடு, ஸ்கேல் வைத்த மாதிரி நேராக. அதற்குக் கீழே சிகிச்சை. முதல் வரி, பெனிசிலின்.

இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு விரல் அகலம்தான் இருக்கும்.

டெஸ்ட் டோஸ் என்று தோலில் ஒரு துளி போட்டுப் பார்த்துவிட்டுத்தானே முழு மருந்து போடுவோம் என்று நீங்கள் சொல்லலாம். அப்படி ஒரு வரலாறு உள்ள ஆளுக்கு அந்தத் துளியே போதும்.

திரும்பிப் போய் நர்ஸின் தட்டிலிருந்த சிரிஞ்சைக் கேட்டு வாங்கிக் கொட்டினேன். எஸ்தரைத் தனியாகக் கூப்பிட்டு ஷீட்டை நீட்டினேன். "படிச்சுப் பாரும்மா" என்றேன்.

படித்தாள். "சரியாத்தான் இருக்கு சார்."

"வாய்விட்டுப் படி."

வாய்விட்டுப் படித்தாள். பெனிசிலின் கூடாது என்பதையும், பெனிசிலின் போட வேண்டும் என்பதையும் ஒரே குரலில், பள்ளிக்கூடத்தில் வேதபாடம் ஒப்பிக்கிற மாதிரி படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏதாவது விட்டுட்டேனா சார்?"

உங்களிடம் ஒன்று சொல்கிறேன். என் முப்பத்து நான்கு வருஷத்தில் எவ்வளவோ ரத்தத்தைப் பார்த்திருக்கிறேன். என்னை நடுங்க வைத்தது அந்தக் கேள்விதான். தப்புச் செய்தவளிடம் தப்பைக் காட்டினால் திடுக்கிடுவாள் என்று நம்பித்தான் நம் மேற்பார்வை முழுவதும் நடக்கிறது. இவளுக்குள் திடுக்கிட ஆள் இல்லை.

"போய்த் தூங்கு" என்றேன்.

"எட்டு மணி வரைக்கும் நிப்பேன் சார். எனக்கு ஒண்ணும் இல்ல."

"தெரியும். போய்த் தூங்கு."

பெண் டாக்டர்கள் தங்கியிருந்த அறைக்கு நர்ஸைத் துணைக்கு அனுப்பினேன். பிறகுதான் உறைத்தது, கேஷுவாலிட்டிக்கு ஆள் இல்லை. என் அருமையான சார்ட்டில் ஓர் ஓட்டைகூட இல்லாததால், அவரவர் வார்டு போக மிச்ச ஆள் என்றும் ஒருவர் இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு நானே உட்கார்ந்தேன். கை நடுங்காமல் தையல் போட்டு எத்தனை வருஷம் ஆகியிருந்தது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. மிக்கேலுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டு, முள்ளை எடுத்து, புண்ணைக் கழுவினேன். கேஸ் ஷீட்டில் பெனிசிலின் என்ற வரியின் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் என் சுருக்கொப்பமும் நேரமும் எழுதி, வேறு மருந்து எழுதினேன். அடித்த வரி அடியில் படிக்கும்படி இருக்க வேண்டும். கிறுக்கி மறைக்கக்கூடாது, தாளைக் கிழிக்கக்கூடாது. கிழிக்க ஆசை வந்தது. அந்த ஆசை உங்களுக்கும் வரும், அதனால் சொல்கிறேன்.

மதியத்துக்கு மேல் கூட்டம் குறைந்ததும் அவுட்போஸ்ட்டுக்குப் போனேன். சூசை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஏட்டையா வாங்கிக்கொடுத்த டீ ஆறிப்போய்ப் பக்கத்தில் இருந்தது.

"எம்மச்சான் எப்பிடிய்யா இருக்கான்?"

"முள்ளை எடுத்தாச்சு. தூங்குறான்."

நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். "அந்தம்மா?"

"அவங்களும் தூங்குறாங்க." பிறகு கேட்டேன். "அது என்ன ஊசின்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? வெள்ளையா இருந்துச்சு. போன வருசம் ஊசி போட்டு, இவனுக்கு மூச்சு நின்னு, சாமியார் வந்து அவஸ்தை எண்ணெயும் பூசி, கடைசி செபம் சொல்லிட்டுப் போயிட்டாவ. கோயில்ல சாவு மணி அடிக்கதுதான் பாக்கி. அதச் சொன்னேன். ம்முன்னு எழுதிக்கிட்டாவ. நல்லாத்தான் எழுதுனாவ."

"அப்புறம் ஏன் கையைப் பிடிச்ச?"

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். சொன்னால் இவருக்கு விளங்குமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

"மச்சான் பேர மூணு தடவ கேட்டாவ. மூணு தடவையும் சிரிச்ச முகமாக் கேட்டாவ. பொறவு மருந்துக் குப்பியக் கையில வச்சுக்கிட்டு அப்பிடியே நின்னாவ. கண்ணு தொறந்துதான் இருக்கு, ஆனா அங்கன யாரும் இல்ல. எனக்கு அந்தக் கண்ணு தெரியும்யா. நான் கயிறு பிடிக்கவன்."

"என்ன கயிறு?"

"இவன் முங்குதான்னா, இடுப்புல கெட்டுன கயிறு வள்ளத்துல என் கையிலதான் இருக்கும். வேற யாரு கையிலயும் கொடுக்கமாட்டாவ. மச்சினன் கையிலதான் கொடுப்பாவ. அவன் மேல வரலைன்னா தாலி அறுக்கப்போறது என் கூடப்பொறந்தவதான, அதனால." ஆறிப்போன டீயை ஒரு மடக்குக் குடித்தான். "மேல வந்ததும் அவன் கண்ணப் பாப்பேன். போதும்னா போதும். இன்னைக்கு இனிமே முங்கக்கூடாதுன்னு நான்தான் சொல்லணும். அவன் சொல்லப்படாது."

"அவனுக்குத் தெரியாதா, முடியுமா முடியாதான்னு?"

"தெரியாது. கேட்டா, இன்னும் ஒரேயொரு முங்கும்பான். சிரிச்சுக்கிட்டே சொல்லுவான். போதும்ங்கிற புத்தியத்தான் கடலு மொதல்ல எடுக்கும்யா. மூச்சு பொறவுதான் போவும்."

"அவன் கேக்கலைன்னா?"

"கேட்டுத்தான் ஆவணும். சண்ட இருந்தா கரைக்கு வந்து போட்டுக்கிடலாம்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். குறை சொல்லும் பார்வை அல்ல, தெரிந்துகொள்ளும் பார்வை. "அந்தம்மாவுக்குக் கயிறு யாருய்யா பிடிக்கா?"

எந்தக் கேள்விக்கும் எந்த விதி, எந்தப் பிரிவு என்று சொல்லிவிடக்கூடியவன் நான். என் சார்ட்டில் அப்படி ஒரு கட்டமே இல்லை.

ஏட்டையா இடையில் புகுந்தார். "சார், கேஸ் போட்டுரவா, வேண்டாமா? பசங்க வாசல்ல நிக்கானுவ."

"புகார்ல டாக்டரம்மா கையெழுத்துப் போடணும். அவங்க தூங்குறாங்க."

"எப்ப எழும்புவாவ?"

"அது சொல்ல முடியாது."

"தூங்குறவங்ககிட்ட கையெழுத்து வாங்க வழி இல்ல" என்று ஏட்டையா குறிப்பேட்டை மூடி வைத்தார். நல்ல மனிதர். சூசையை நோயாளியோடு இருக்க விட்டுவிட்டார். வாசலில் நின்ற ஹவுஸ் சர்ஜன்களிடம், எஸ்தர் எழுந்து என்ன சொல்கிறாளோ அதன்படி செய்வோம் என்றேன். நான் எதையோ மூடி மறைப்பதாக அவர்களுக்குச் சந்தேகம். சந்தேகம் சரிதான். எதை என்றுதான் அவர்களுக்குத் தெரியாது.

எஸ்தர் மறுநாள் காலை ஏழு மணிக்கு என் அறைக்கு வந்தாள். குளித்து, தலை வாரியிருந்தாள். "அந்த ஷீட்ட இன்னொரு தடவ பாக்கலாமா சார்?" என்றாள். கொடுத்தேன். பாதியிலேயே அவள் விரல் நின்றுவிட்டது. அந்த அடித்த வரியையும் அதற்கு மேலே இருந்த இரண்டு கோட்டையும் மாறி மாறித் தொட்டாள்.

"இத நேத்து எங்கிட்ட காட்டுனீங்க."

"ஆமா."

"நான் வாசிச்சேன்."

"ஆமா."

"கொன்னுருப்பேன் சார்."

"சேர்ந்துதான் கொன்னுருப்போம். சார்ட்டுல கையெழுத்து என்னுது."

அதை அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிச் சுருட்டி, பத்திரமாக என் மேஜை மேல் வைத்தாள். சாத்தான்குளத்தில் அப்பாவின் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர் வேலை காலியாக இருக்கிறது, போகிறேன் என்றாள். குரல் தெளிவாக இருந்தது, அதுதான் கவலை. முந்தின நாள் தூக்கத்தில் சொல்லியிருந்தால் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். அறிவுரை சொல்லும் வாய் எனக்கு எப்போதும் உண்டு, ஆனால் அன்று என் வாயிலிருந்து வருவது எதுவும் அவளுக்குப் பயன்படாது என்று தெரிந்தது. அவளை அந்த இடத்தில் நிறுத்திய ஆளே அவளைத் தேற்றுவது எப்படி?

"போறதுன்னா போ. அந்த ஆள்கிட்ட சொல்லிட்டுப் போ" என்றேன்.

இருவரும் வார்டுக்குப் போனோம். மிக்கேல் படுக்கையில் காலை நீட்டிக்கொண்டு இட்லி தின்றுகொண்டிருந்தான். சூசை அவளைப் பார்த்ததும் எழுந்தான். முதலில் அவள் மணிக்கட்டைத்தான் பார்த்தான். "வலிக்காம்மா? அழுத்திப் பிடிச்சிட்டேன். மன்னிச்சுக்கிடுங்க."

எஸ்தர் முன்னுரை எதுவும் போடவில்லை. "நீங்க சொன்னத எழுதிட்டு, அந்த ஊசியத்தான் எடுத்தேன். நீங்க பிடிக்கலைன்னா போட்டுருப்பேன்" என்றாள்.

மிக்கேல் இட்லியை வாயருகில் நிறுத்திக்கொண்டு, "என்னலே சொல்லுதாவ?" என்றான்.

சூசை அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, ஒரு கண், மறு கண் என்று மாறி மாறிப் பார்த்தான். வேறு ஆண்பிள்ளை யாராவது ஒரு பெண் டாக்டரை அப்படிப் பார்த்திருந்தால் நானே ஏட்டையாவைக் கூப்பிட்டிருப்பேன். அவள் கண்ணை இமைக்காமல், ஒதுங்காமல் நின்றாள்.

"நேத்து இவுக இங்கன இல்லவே இல்ல மச்சான்" என்றான் சூசை. "இன்னைக்குத்தான் வந்திருக்காவ." பிறகு படுக்கையின் ஓரத்திலிருந்து நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான். "கட்டு அவுக்க நேரமாச்சாமே. இவுகளே பாக்கட்டும்."

நர்ஸ் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கட்டுத் துணியை வெட்டும் கத்திரிக்கோலின் சத்தம் கேட்டது. "மெதுவாத் தாயி" என்று மிக்கேல் முனகினான். "கடலுக்குள்ள பயமில்லையாம், இங்கன பயமாம்" என்று அவள் சொன்னது கேட்டது. நான் என் அறைக்குத் திரும்பினேன். அரை மணி கழித்து எஸ்தர் வந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு போனாள். புகாரில் கையெழுத்துப் போடும் கேள்வி எழவில்லை. தன் தவறை அவளே மற்ற ஹவுஸ் சர்ஜன்களிடம் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு வேலை நிறுத்தம் பற்றி யாரும் பேசவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் படித்துக்கொண்டிருந்ததாக நர்ஸ் சொன்னாள்.

அந்த மாதக் கடைசியில் சார்ட் போட உட்கார்ந்தபோது புதிதாக ஒரு கட்டம் வரைந்தேன். டாக்டர் பெயருக்கு நேரே இன்னொரு டாக்டர் பெயர். முதல் ஆள் களைத்திருக்கிறார் என்று இரண்டாம் ஆளுக்குத் தோன்றினால் அனுப்பிவிடலாம். காரணம் சொல்ல வேண்டாம். அனுப்பப்பட்டவர் மறுப்பு இருந்தால் தூங்கி எழுந்த பிறகு எழுத்துமூலம் தெரிவிக்கலாம். இப்படி ஒரு மறுப்பு எனக்கு ஒருபோதும் வரவில்லை.

கண்காணிப்பாளர் விதியில் இதற்கு இடமில்லை என்றார். நான் அவரைவிட விதிப்புத்தகத்தை அதிகம் படித்தவன். உடல்நலம் குன்றிய டாக்டரை எட்டு மணி நேரத்துக்கு வேலையிலிருந்து விலக்க ஆர்.எம்.ஓ.வுக்கு அதிகாரம் இருந்தது. ஆகவே ஒன்று விட்டு ஒரு நாள் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டருக்குத் தலைசுற்றல் வந்தது. எல்லாச் சான்றிதழிலும் என் கையெழுத்து. "என்னய்யா இது, கொள்ளைநோயா?" என்று கண்காணிப்பாளர் கேட்டார். ஆமாம், ரொம்ப நாளாக இருந்தது, இப்போதுதான் கண்டுபிடித்தோம் என்றேன். காலியான கட்டங்களில் சீனியர்கள் பெயரையும் என் பெயரையும் எழுதினேன். சீனியர்கள் என்னோடு பேசுவதை ஒரு மாதம் நிறுத்தினார்கள். மறுபடி பேசத் தொடங்கியபோதுதான் அந்த மாதம் எவ்வளவு அமைதியாக இருந்தது என்று தெரிந்தது.

ஆள் அடிக்கடி மாறினால் விஷயம் நழுவும் என்று உங்களை எதிர்ப்பவர்கள் சொல்வார்கள். பொய்யில்லை. எங்களுக்கும் நழுவியது. ஆத்தூரில் மாட்டு வண்டியிலிருந்து விழுந்து வந்த ஒருவரின் முறிந்த விலா, காலை டாக்டருக்குத் தெரிந்திருந்தது, மாலை டாக்டருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு, நடைபாதையில் நின்று பொறுப்பை மாற்றக்கூடாது, நோயாளியின் படுக்கை அருகில் நின்று, அவர் காதில் விழும்படி மாற்ற வேண்டும் என்று வைத்தோம். நோயாளியே 'விலாவ விட்டுட்டீங்களே ஐயா' என்று சொல்லிவிடுவார். கை மாறும்போது நழுவுவதைப் பிடிக்க வழி உண்டு. கண்ணுக்குள் ஆள் இல்லாதவர் எழுதுவதைப் பிடிக்கத்தான் வழி இல்லை.

ஆகவே உங்கள் தீர்மானத்துக்கு என் ஓட்டு உண்டு. எத்தனை மணி நேரம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், எண்ணில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஒரு வரி மட்டும் சேருங்கள். 'இன்னும் நிற்க முடியுமா?' என்று களைத்த ஆளிடம் கேட்டு முடிவு செய்யக்கூடாது. அவர் முடியும் என்றுதான் சொல்வார். நல்ல டாக்டராக இருந்தால் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அன்று அந்தக் கட்டத்தை வரைந்த பிறகும் எனக்கே இது முழுக்கப் புரியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எஸ்தரின் பயிற்சி முடிய இரண்டு வாரம் இருந்தபோது, உடன்குடிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டவர்கள் வாந்தியும் பேதியுமாக லாரியில் வந்து இறங்கினார்கள். வராந்தா முழுக்கப் பாய். நான் அன்று காலையிலிருந்து அங்கேயே இருந்தேன். யாரும் இறக்கவில்லை. மறுநாள் பத்து மணிக்கு, ஓர் அம்மாவிடம் ஊர் எது என்று கேட்டுக்கொண்டிருந்தபோது எஸ்தர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், வீட்டுக்குப் போங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

"தெரியும். போங்க."

"ஆர்.எம்.ஓ.வ அனுப்ப ஹவுஸ் சர்ஜனுக்கு அதிகாரம் எங்க இருக்கு?"

"உங்க பேருக்கு நேர யாரு பேரும் எழுதாம விட்டிருக்கீங்க. பாத்துட்டுதான் வாரேன். பென்சிலால எம்பேர எழுதிக்கிட்டேன்." என் கையிலிருந்த அட்டையை வாங்கிக்கொண்டாள். "இந்தம்மா ஊரு மெஞ்ஞானபுரம் சார். நீங்க நாலு தடவ கேட்டாச்சு. அவங்களும் நாலு தடவ சொல்லிட்டாங்க."

அந்த அம்மா பாயில் படுத்தபடி, ஆமாம் என்று தலையசைத்தாள்.

வீட்டுக்கு நடந்தேன். வேலை நாளில் பகல் பத்தரை மணிக்கு வாசலில் என்னைப் பார்த்த என் மனைவி, கதவைப் பிடித்துக்கொண்டு, "சஸ்பெண்டு பண்ணிட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை, தூங்க அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். அவள் நம்பவில்லை. மாலையில் விழிப்பு வந்ததும் பதறி எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். வராந்தாவில் பாய்களைச் சுருட்டி வைத்திருந்தார்கள். பாதிப் பேர் வீடு திரும்பிவிட்டார்கள், மீதிப் பேர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் இல்லாமல் எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தது. எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.